கூர்நோக்கு இல்லத்தில் இருக்கும் மகன் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுத முடியுமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறான். கிரிக்கெட் விளையாட்டில் தகராறாகி, இன்னொரு பையனை மட்டையால் அடித்துவிட்டான். அந்தப் பையனுக்குத் தலையில் தையல் போட்டிருக்கிறார்கள். மூன்று வாரமாக என் மகன், வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். ஜாமீன் மனு ஒருமுறை தள்ளுபடியாகிவிட்டது. மார்ச்சில் பொதுத்தேர்வு. தலைமையாசிரியர் டிசி வாங்கிக்கொண்டு போகச் சொல்கிறார். இல்லத்தில் ஒரு மணி நேரம்தான் பாடம், மீதி நேரம் தையல் பயிற்சி என்கிறான். அவன் தேர்வு எழுத முடியுமா? பிறகு ஐடிஐயில் சேர்த்தால் இந்த வழக்கு குறுக்கே நிற்குமா?

பதில்: எழுத முடியும். ஆனால், தயவுசெய்து டிசியை வாங்கிவிடாதீர்கள். பள்ளியின் பெயர்ப்பட்டியலில் உங்கள் மகன் பெயர் இருக்கும்வரை அவன் பள்ளி மாணவனாகத் தேர்வு எழுதுவான். டிசி வாங்கிய மறுநாளே தனித்தேர்வர் ஆகிவிடுவான். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கடைசித் தேதி, அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனிப் பதிவு எல்லாம் வேண்டும். இந்த நேரத்தில் அவற்றைப் பிடிப்பது மிகக் கடினம். 6 முதல் 14 வயது வரைதான் கட்டாயக் கல்விச் சட்டம் காக்கும். உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டதால் தலைமையாசிரியரிடம் அந்தச் சட்டத்தைச் சொல்லி வாதாட வேண்டாம். நமக்குத் துணை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அந்தச் சட்டப்படி, பேச வேண்டிய இடம் பள்ளி அல்ல, சிறுவர்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம்.

குழுமத்தில் இரண்டு மனுக்களைத் தனித்தனியாகப் போடுங்கள். ஒன்று ஜாமீனுக்கு, மற்றொன்று தேர்வுக்கு. இரண்டையும் ஒரே தாளில் எழுதினால் ஜாமீன் மறுக்கப்படும்போது தேர்வுக் கோரிக்கையும் அதோடு அடிபட்டுப் போகும்.

முதலில் ஜாமீன். பெரியவர்கள் வழக்கைப் போலக் குற்றம் எவ்வளவு பெரியது என்பது இங்கே அளவுகோல் அல்ல. பிரிவு 12-இன்படி மூன்று காரணங்களுக்காக மட்டுமே ஜாமீனை மறுக்கலாம்: வெளியே போனால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடல், மன அல்லது ஒழுக்க ரீதியாக ஆபத்து, நீதியின் நோக்கம் கெட்டுவிடும். மறுத்தால் காரணத்தை எழுதியே ஆக வேண்டும். எனவே தள்ளுபடி ஆணையின் நகலை வாங்கிப் படியுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் பையனின் குடும்பம், சூழல் பற்றி நன்னடத்தை அலுவலர் குழுமத்துக்குக் கொடுக்கும் சமூக விசாரணை அறிக்கையில் உள்ள வாசகமாகத்தான் இருக்கும். ‘ஊரில் எதிர்த்தரப்பால் ஆபத்து’ என்று எழுதியிருந்தால், தேர்வு முடியும்வரை வேறு ஊரில் தாய்மாமன் வீட்டிலோ பாட்டி வீட்டிலோ வைத்திருப்பதாக அந்த உறவினரையே நேரில் அழைத்துவந்து உறுதிமொழி கொடுங்கள். அதே வீடு, அதே தெரு என்று திரும்பப் போட்ட மனு திரும்பத் தள்ளுபடியாவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். ஆணை வந்து 30 நாள் ஆகவில்லை என்றால் பிரிவு 101-இன்படி குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடும் செய்யலாம். ஜாமீன் கிடைத்து நிபந்தனையை 7 நாளில் நிறைவேற்ற முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்துவதற்காக அவனை மறுபடி குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பணம் இல்லை என்ற காரணத்தால் அவன் உள்ளேயே கிடக்கக் கூடாது.

இனித் தேர்வு மனு. பிரிவு 98 இல்லத்திலிருந்து வெளியே போக அனுமதிக்கும் விடுப்பு பற்றியது. எந்தெந்தச் சிறப்புக் காரணங்களுக்கு விடுப்பு தரலாம் என்று சொல்லும்போது, அந்தப் பிரிவு தேர்வையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஒருமுறைக்குப் பொதுவாக 7 நாள், பயண நேரம் சேராது. பொதுத்தேர்வு அதைவிட நீளும் என்பதால், ‘தேர்வுக் காலம் முழுவதும்’ என்று எழுதாமல் ஒவ்வொரு தேர்வின் தேதியையும் நேரத்தையும் மையத்தின் பெயரையும் அட்டவணையாக எழுதி, அந்தந்த நாளுக்கு விடுப்பு கேளுங்கள். ஹால் டிக்கெட் இன்னும் வரவில்லையென்றால் தேர்வு அட்டவணை, எமிஸ் எண் (பள்ளிக் கல்வித்துறைப் பதிவில் அவனுக்குரிய மாணவர் எண்), அரையாண்டு மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றை இணைத்தால் போதும்.

இங்கே பலர் தவறவிடுவது செய்முறைத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு, அதற்கு முன்பே பள்ளியில் நடந்து முடியும் அறிவியல் செய்முறைத் தேர்வை விட்டுவிடுகிறார்கள். அதற்கு 25 மதிப்பெண். அதில் 15 எடுக்க வேண்டும். எழுத்தில் 75-க்கு 20. எழுத்தில் எவ்வளவு எடுத்தாலும் செய்முறைக்கு வராதவன் அறிவியலில் தேற மாட்டான். எனவே செய்முறைத் தேர்வு நாளை வகுப்பாசிரியரிடம் கேட்டு, மனுவின் முதல் வரியிலேயே சேருங்கள்.

அதே மனுவில் இன்னும் சில உத்தரவுகளைக் கேளுங்கள். பெயரை நீக்கக் கூடாது, வருகைக் குறைவைக் காரணம் காட்டக் கூடாது என்று முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஓர் உத்தரவு. வழிக்காவலுக்கு வரும் காவலர்கள் சீருடையில் வரக் கூடாது, விலங்கு போடக் கூடாது என்று இன்னொன்று. இவை விதிகளிலேயே இருக்கின்றன. ஆனாலும் ஆணையில் எழுதி வாங்காவிட்டால் தேர்வன்று காலை ஜீப்பும் காக்கிச் சட்டையுமாகப் பள்ளி வாசலில் போய் நிற்பார்கள். 15 வயதுப் பையன் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்க் கணக்குப் போட முடியுமா? ஆணையின் நகல் இல்லக் கண்காணிப்பாளருக்கும் ஆயுதப்படைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று இரண்டு நாள் முன்பே விசாரியுங்கள். ஆணை கையில் இருந்தும் வழிக்காவல் வராமல் தேர்வு தவறிப்போவதுண்டு. அப்படித் தவறினால் துணைத்தேர்வு இருக்கிறது. தேர்வு முடிவு வந்த உடனே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இல்லத்தில் படிப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்குப் பிரிவு 53. கல்வி, துணைப் பாடம், திறன் பயிற்சி, தனிநபர் பராமரிப்புத் திட்டம் எல்லாம் இல்லத்தின் கடமை, சலுகை அல்ல. அந்தத் திட்டத்தில் ‘கல்வி’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று நன்னடத்தை அலுவலரிடம் கேளுங்கள். ‘தையல் பயிற்சி’ என்று மட்டும் இருந்தால், தேர்வு முடியும்வரை பாடத்துக்கு முன்னுரிமை என்று திருத்தக் கோருங்கள். பாடநூல்களையும் பழைய வினாத்தாள்களையும் இல்ல அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். குழுமத்தினர் மாதம் ஒருமுறையாவது இல்லத்தைப் பார்வையிட வேண்டும். அப்போது அவனே வாய்திறந்து கேட்கலாம் என்று சொல்லிவையுங்கள். சில வாரத் தையல் பயிற்சியால் கெடுதல் இல்லை, ஆனால் அங்கீகாரம் பெற்ற சான்றிதழ் இல்லாத பயிற்சி நாளை வேலைக்கு உதவாது. சான்றிதழ் தருவதாக இருந்தால் அதில் இல்லத்தின் பெயர் அச்சாகாமல், பயிற்சி தரும் நிறுவனத்தின் பெயர் மட்டும் வரும்படி எழுத்தில் கேளுங்கள்.

ஐடிஐ விஷயத்தில் கவலை வேண்டாம். ஃபிட்டர், எலெக்ட்ரீஷியன் இரண்டாண்டுப் படிப்பு, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர் ஓராண்டு, எட்டாம் வகுப்பே போதும். மதிப்பெண் கைவிட்டாலும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. அரசு ஐடிஐயில் பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.

வழக்கு முடிந்த பிறகு, பிரிவு 24-இன்படி அதனால் அவனுக்கு எந்தத் தகுதியிழப்பும் இல்லை. பிரிவு 74, முடிந்த வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகக் காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது. சிறுவயது வழக்கைக் காட்டி அரசு வேலையை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் ரமேஷ் பிஷ்னோய் வழக்கில் சொல்லியிருக்கிறது. எனவே இறுதி ஆணையின் சான்றிட்ட நகல் இரண்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். அதிகபட்ச தண்டனை 3 ஆண்டுக்கு உட்பட்டது என்றால் சட்டம் அதைச் சிறு குற்றமாகக் கருதும். அத்தகைய விசாரணை 4 மாதத்தில், நீட்டித்தாலும் 6 மாதத்தில் முடிய வேண்டும். முடியாவிட்டால் வழக்கு தானாகவே முடிவுக்கு வரும். இறுதி ஆணைக்கு முன், பெற்றோர் பொறுப்பில் விடுவித்துப் பள்ளிக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகும்படி பிரிவு 18-இன் கீழ் உத்தரவிடுமாறு கேளுங்கள்.

வக்கீல் கட்டணம் உங்களுக்குத் தேவையில்லை. குழந்தைகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 எண்ணை அழையுங்கள். அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்காமல், செய்முறைத் தேர்வுத் தேதியைக் காட்டி இந்த வாரமே மனுவைத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.