போட்டோ மேனிபுலேஷனும் போஸ்டர் வடிவமைப்பும்: மாணவர் எதை முதலில் கற்க வேண்டும்?

வடிவமைப்புப் படிப்பின் இரண்டாம் ஆண்டை முடிக்கும் நிலையில் உள்ள நீங்கள் இரண்டு கேள்விகளை எழுதியிருக்கிறீர்கள். போட்டோ மேனிபுலேஷனில், அதாவது பல புகைப்படங்களை இணைத்து ஒரே காட்சியாக்குவதில், பயிற்சி வீடியோக்களைப் பார்த்து ஏராளமான படங்களைச் செய்திருந்தும், அவை ஏன் வெட்டி ஒட்டியவை போலவே தெரிகின்றன என்பது முதல் கேள்வி. இந்தத் திறமையை மட்டும் நம்பி வேலை தேடலாமா என்பது இரண்டாவது. இரண்டாவதற்கான பதிலில் பாதி முதல் கேள்விக்குள்ளேயே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பயிற்சி வீடியோக்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அவற்றைச் செய்பவர், ஒளி ஒரே பக்கத்திலிருந்து வரும் படங்களை, கேமரா ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்து எடுத்த படங்களை, முன்கூட்டியே தேடிப் பொறுக்கி வைத்துக்கொண்டுதான் பதிவைத் தொடங்குகிறார். வேலையின் கடினமான பாதி அங்கேயே முடிந்துவிடுகிறது. நாம் பார்ப்பது மாஸ்க் போடுவதையும் (படத்தின் வேண்டாத பகுதியை அழிக்காமல் மறைப்பது) கர்வ்ஸை இழுப்பதையும் (வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்யும் வளைகோடு) மட்டுமே. அதே படிகளை உங்கள் கையில் இருக்கும் ஏதோ இரண்டு படங்களின் மீது செலுத்தும்போது ஒட்டு தெரியத்தான் செய்யும். இதற்குக் காரணம் மென்பொருளில் உங்களுக்குள்ள பயிற்சிக் குறைவு அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

நண்பகலில் எடுத்த ஒருவரின் படத்தை மாலை நேரத் தெரு ஒன்றில் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். நண்பகல் வெயிலில் புருவத்துக்கும் மூக்குக்கும் கீழே நிழல் விழுந்திருக்கும்; மாலை வெயிலோ பக்கவாட்டில் வந்து கன்னத்தில் ஒரு பக்கத்தை மட்டும் சிவக்கவைக்கும். படம் முழுவதையும் ஆரஞ்சு நிறத்துக்கு மாற்றுவதால் இந்த முரண் மறையாது; அதற்கு வேறு படத்தைத் தேடுவதே சரியான வழி. ஒளி ஒத்துப்போகும் படம் கிடைத்த பிறகு கால்களைப் பாருங்கள். செருப்பு தரையைத் தொடும் இடத்தில் நிழல் அடர்த்தியாகவும் கூர்மையாகவும் இருக்கும்; விலகிப் போகப் போக அதன் விளிம்பு மங்கும், அடர்த்தியும் குறையும். மாணவர்களில் பலர் உருவத்தை அப்படியே நகலெடுத்து, கறுப்பாக்கி, சாய்த்து, ஒரே அளவு மங்கலாக்கி விடுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆள் தரையில் நிற்காமல் மிதப்பது போல் தோன்றும். தொடும் இடத்துக்கு ஒரு நிழல், நீண்டு விழுவதற்கு ஒரு நிழல் எனத் தனித்தனி லேயர்களை (ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பட அடுக்குகள்) மல்ட்டிப்ளை முறையில், அதாவது கீழே உள்ள படத்தை இருளாக்கும் கலப்பு முறையில், வையுங்கள். நிறமும் தூய கறுப்பாக இருக்கக் கூடாது. அதே தெருவில் ஏற்கெனவே இருக்கும் நிழலிலிருந்து நிறத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது அடிவானக் கோடு. சமதளத்தில் எடுத்த படத்தில், கேமரா எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்தில்தான் அடிவானம் எல்லா உருவங்களையும் வெட்டும். கேமரா நெஞ்சு உயரத்தில் இருந்திருந்தால், ஒரே உயரமுள்ள ஆட்கள் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும் அடிவானம் அவர்களின் நெஞ்சின் குறுக்கேதான் போகும். இந்த ஒரு விதி கைவந்துவிட்டால், ஓர் ஆளை எந்த அளவுக்குச் சிறிதாக்குவது என்று தடுமாறத் தேவையில்லை. இதோடு இன்னொரு சோதனையும் உண்டு. எல்லா லேயர்களுக்கும் மேலே, மூலப் படத்தைத் தொடாமல் முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் ஓர் அட்ஜஸ்ட்மென்ட் லேயரைத் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். புதிதாகச் சேர்த்த உருவத்தின் கறுப்பு, பின்னணியின் கறுப்பைவிட ஆழமாக இருந்தால் உடனே கண்ணில் படும். தொலைவில் உள்ள பொருள்களில் முழுக் கறுப்பு இருக்காது. காற்றும் தூசியும் அதை வெளிறச் செய்திருக்கும்.

இந்தக் கலை கணினிக்கு முந்தியது என்பதை நினைவில் வைத்திருப்பது நல்லது. 1857-இல் ஆஸ்கர் ரெய்லாண்டர் என்ற புகைப்படக் கலைஞர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை ஒன்றிணைத்து அச்சிட்டு ஒரு பெரிய காட்சியை அமைத்தார். படங்களைத் திருத்தும் மென்பொருளான போட்டோஷாப் வெளிவந்தது 1990-இல். அதில் லேயர் வசதி சேர்ந்தது 1994-இல். 2023-இல் அதில் வந்த ஜெனரேட்டிவ் ஃபில் என்ற செயற்கை நுண்ணறிவு வசதி, உருவத்தைச் சுற்றிக் கோடு வரைந்து பிரிக்கும் பென் டூலால் பொறுமையாகச் செய்த பல வேலைகளை நொடிகளில் முடித்துத் தருகிறது. ஆனால் அது தரும் நிழல் சரியான திசையில் விழுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டியிருக்கிறது. கற்பதற்கான நேரத்தை எங்கே செலவிடுவது என்பதை இதை வைத்தே முடிவு செய்யுங்கள்.

போஸ்டருக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய மாதிரிகளில் படங்கள் உழைப்போடு செய்யப்பட்டிருக்கின்றன. எழுத்துகளோ மிஞ்சிய இடத்தில் திணிக்கப்பட்டிருக்கின்றன. படத்தை முடித்துவிட்டு எழுத்துக்கு இடம் தேடுவது தலைகீழான வேலை. முதலில் தாளில் உள்ளங்கை அளவுக்குச் சில கட்டங்கள் வரைந்து, தலைப்பு எங்கே, உருவம் எங்கே, நாளும் இடமும் எங்கே என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் படம் தேட வேண்டும். அப்போது வானம் அதிகமுள்ள படம் வேண்டுமா, தரை அதிகமுள்ள படம் வேண்டுமா என்பது தெளிவாக இருக்கும். தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஒரே ஒரு செய்தி போய்ச் சேர்ந்தால் போதும். நெருங்கி வருபவருக்கே மற்ற விவரங்கள்.

தமிழில் எழுத்து அமைக்கும்போது கூடுதல் கவனம் தேவை. பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனிலும் போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் வேர்ல்ட்-ரெடி என்ற எழுத்து அமைப்பு வசதியைத் தேர்ந்தெடுக்காவிட்டால், ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றுவிடலாம். இப்படி உடைந்த எழுத்தோடு அச்சுக்குப் போன போஸ்டரை, அதில் உள்ள படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், யாரும் மதிக்க மாட்டார்கள்.

அச்சுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏ3 தாள் 297 × 420 மில்லிமீட்டர். அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 3508 × 4961 பிக்சல்கள் வேண்டும். 4032 × 3024 அளவுள்ள கைபேசிப் படத்தை ஏ3 உயரத்துக்குச் செங்குத்தாக நிரப்பினால் அங்குலத்துக்குச் சுமார் 244 பிக்சல் கிடைக்கும். சுவரில் ஒட்டும் போஸ்டருக்கு அது போதும். இணையத்தில் கிடைத்த சிறு படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் போதாது. ஓரங்களில் வெட்டுவதற்காக 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது தாளின் அளவைத் தாண்டிப் படத்தை நீட்டி, விடுவது பொதுவான வழக்கம். திரையில் பளிச்சிடும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நான்கு வண்ண) மையில் மங்கிவிடும் என்பதால், திரைக்கான ஆர்ஜிபி நிறமுறையில் முழுவதையும் முடித்துவிட்டுக் கடைசியில் மாற்றி ஏமாற வேண்டாம்.

படங்களின் உரிமை பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ‘நோ டெரிவேட்டிவ்ஸ்’ என்ற நிபந்தனை இருந்தால், அந்தப் படத்தை மாற்றியமைத்து வெளியிடக் கூடாது. மேனிபுலேஷனுக்கு அது உதவாது. பெயர் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் குறிப்பிட்டே ஆக வேண்டும். முடிந்தவரை நீங்களே படம் எடுங்கள். உரிமைச் சிக்கலும் தீரும், ஒளியும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். செய்திப் படங்களில் கைவைப்பது முற்றிலும் வேறு விஷயம். 1982 பிப்ரவரி இதழின் அட்டைக்காக நேஷனல் ஜியோகிராஃபிக் கீசா பிரமிடுகளை நெருக்கி வைத்தது இன்றுவரை கண்டனத்தோடு நினைவுகூரப்படுகிறது. செய்தி நிறுவனங்களில் வேலை செய்ய விரும்பினால் இந்த எல்லையை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வேலை. போட்டோ மேனிபுலேஷனை மட்டும் வைத்துக்கொண்டு வேலை தேடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பின்னணியை நீக்குவது, தோலை மென்மையாக்குவது போன்ற, ஒரே மாதிரியாக நிறையச் செய்யும் வேலைகளைத் தானியங்கிக் கருவிகள் வேகமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. படத்தையும் எழுத்தையும் சேர்த்துக் கையாளத் தெரிந்தவருக்கு விளம்பர நிறுவனம், பதிப்பகம், திரைப்பட விளம்பரம், கணினி விளையாட்டு என்று பல வாசல்கள் திறந்திருக்கின்றன. போர்ட்ஃபோலியோவில், அதாவது வேலை தேடும்போது காட்டும் படைப்புத் தொகுப்பில், நாற்பது படங்கள் வேண்டாம். எட்டு அல்லது பத்து போதும். அவற்றில் இரண்டுக்காவது மூலப் படங்கள், பென்சில் வரைவு, இடைநிலை, முடிவு எனச் செய்முறையைக் காட்டுங்கள். கைவிட்ட ஒரு வரைவையும் ஏன் கைவிட்டீர்கள் என்ற ஒரு வரியோடு சேர்க்கலாம். ஒரே நிகழ்ச்சிக்கான போஸ்டரை நீளவாக்கிலும், சதுரத்திலும், அகலப் பட்டையிலும் அமைத்துக் காட்டுவது, டிராகனும் எரிமலையும் வரும் கற்பனைக் காட்சிகள் ஐந்தைவிட அதிகம் பேசும். நேர்காணலில் லேயர் கோப்பையே திறக்கச் சொல்லலாம். எனவே லேயர்களுக்குப் பெயரிட்டு, அழிப்பதற்குப் பதிலாக மாஸ்க் போட்டு வேலை செய்யப் பழகுங்கள்.

கட்டணப் பயிற்சியில் சேரலாமா என்று உங்கள் தந்தை கேட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் படைப்பை ஒருவர் பார்த்துத் திருத்தித் தருவார் என்றால் சேரலாம். வீடியோக்களும் சான்றிதழும் மட்டும் என்றால் அந்தப் பணத்தை ஒரு நல்ல திரைக்கோ கேமராவுக்கோ செலவிடச் சொல்வேன். வீட்டில் பழகுவதற்குக் கிம்ப், கிரிட்டா, இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும். வேலை அறிவிப்புகள் பெரும்பாலும் அடோபி மென்பொருள்களையே கேட்பதால், கல்லூரி ஆய்வகத்தில் அவை இருக்கும்வரை அங்கு கிடைக்கும் நேரத்தை விட்டுவிடாதீர்கள்.