டிஸ்னி வேர்ல்டில் வயிறு நிறைய, கையைக் கடிக்காமல்: வாசகர் கேள்வி - பதில்

விடுமுறைக்கு ஃப்ளோரிடா கிளம்பும் வாசகர்கள், ஆர்லாண்டோ அருகே உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அங்கே மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டூடியோஸ், அனிமல் கிங்டம் என்று நான்கு கேளிக்கைப் பூங்காக்கள். இந்தப் பதில்களில் வரும் விலைகள் தோராயமானவை. அன்றைய விலையை டிஸ்னியின் ‘மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ்’ ஆப்பில், மெனுவோடு சேர்த்தே பார்த்துவிடலாம்.

கேள்வி: நானும் மனைவியும், 6, 9 வயதில் இரண்டு பிள்ளைகளும் போகிறோம். ஒரு நாள் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: மேசைக்கு வந்து பரிமாறும் உணவகங்களை விட்டுவிடுங்கள். கவுன்ட்டரில் வாங்கிச் சாப்பிடும் இடங்களில் பெரியவர் தட்டு ஒன்று சுமார் 13 முதல் 17 டாலர், பிள்ளைகள் தட்டு 8 அல்லது 9 டாலர். இரண்டும் இரண்டுமாக 47 டாலர் என்று வைத்துக்கொண்டால், 6.5 சதவீத விற்பனை வரி சேர்ந்து ஒரு வேளைக்கு 50 டாலர். கவுன்ட்டரில் டிப்ஸ் தர வேண்டியதில்லை.

பெரியவர் தட்டோடு குடிக்க எதுவும் வராது. பிள்ளைகள் தட்டில் முக்கிய உணவு, தொட்டுக்கொள்ள இரண்டு, சின்ன பால் அல்லது தண்ணீர் எல்லாம் அடக்கம். இந்தத் தட்டு 3 முதல் 9 வயதுவரை என்று எழுதியிருந்தாலும், கவுன்ட்டரில் பெரியவர்களும் வாங்கலாம். யாரும் வயது கேட்பதில்லை. வெயிலில் பசி மந்தமாகிவிடும் பெரியவர்களுக்கு அதுவே போதும்.

இரண்டு வேளைக்கு 100 டாலர் என்பது தாங்கக்கூடிய கணக்குதான். அதைக் கெடுப்பது நடுநடுவே வாங்கும் தீனி. பசி வந்தபிறகு கண்ணில் பட்ட வண்டிக்கடையில் நான்கு ஐஸ்கிரீம், இரண்டு பாப்கார்ன், நான்கு பாட்டில் தண்ணீர் என்று வாங்கினால் இன்னொரு வேளைச் சாப்பாட்டுக்கான பணம் போய்விடும், வயிறும் நிறையாது. ஹோட்டலிலோ வாடகை வீட்டிலோ காலை உணவை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்காவுக்குள் ஒரு வேளை வீட்டுச் சாப்பாடு, ஒரு வேளை கவுன்ட்டர் சாப்பாடு என்று பிரித்தால் நான்கு பேருக்கு 60 டாலருக்குள் நாளை முடிக்கலாம்.

கேள்வி: போன முறை மத்தியானச் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றே பாதி நேரம் போய்விட்டது. ஆப்பில் ஆர்டர் செய்யலாம் என்கிறார்கள். அதிலும் ‘நேரம் இல்லை’ என்றே காட்டியது. என்ன தவறு செய்தோம்?
– வாசகி, டாலஸ்

பதில்: பசித்தபிறகு ஆர்டர் செய்ததுதான் தவறு. மொபைல் ஆர்டர் என்பது உணவை மட்டும் வாங்குவதல்ல, வந்து எடுக்கும் நேரத்தையும் பிடித்து வைப்பது. 12 மணி முதல் 1.30 வரையான நேரங்கள் முற்பகலிலேயே தீர்ந்துபோகும். முறை இதுதான்:

முதல் நாள் இரவே ஆப்பில் கார்டு விவரத்தைப் பதிந்து வையுங்கள். இந்திய வங்கிக் கார்டு என்றால் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்; கடைசி நிமிடத்தில் பணம் போகாமல் நிற்பது பெரும்பாலும் இதனால்தான். காலையில் பூங்காவுக்குள் நுழைந்து முதல் ரைடு வரிசையில் நிற்கும்போதே மத்தியானத்துக்கு ஆர்டர் போட்டு, நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். 12.30-ஐத் தேடாதீர்கள். பல கவுன்ட்டர்கள் 10.30 அல்லது 11 மணிக்கு மத்தியான உணவைத் தொடங்கிவிடும். 11 மணிக்குச் சாப்பிடுபவருக்கு மேசையும் கிடைக்கும், ஊரே சாப்பிட உட்காரும்போது ரைடு வரிசையும் கொஞ்சம் குறையும். அதேபோல ராத்திரிச் சாப்பாட்டை 4.30 அல்லது 5 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்டர் போட்டதும் சமையல் தொடங்காது. உணவகத்துக்கு வந்ததும் ‘வந்துவிட்டேன், தயார் செய்யுங்கள்’ என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திய பிறகுதான் சமையலறைக்குச் சீட்டு போகும். பெரும்பாலும் ஐந்து, பத்து நிமிடத்தில் எந்த ஜன்னலில் எடுக்க வேண்டும் என்று போனுக்குத் தகவல் வரும். ரைடு வரிசையில் நின்றுகொண்டே அவசரப்பட்டு இந்தப் பொத்தானை அழுத்திவிடுபவர்கள் நிறைய. நீங்கள் போய்ச் சேர்வதற்குள் உருளைக்கிழங்கு வறுவல் ஆறி நமத்துப்போயிருக்கும்.

வெங்காயம் வேண்டாம், சீஸ் வேண்டாம் போன்ற சில மாற்றங்களை ஆப்பிலேயே செய்யலாம். அதற்குமேல் விளக்க வேண்டியிருந்தால் கவுன்ட்டருக்கு நேரில் போங்கள். போனைச் சார்ஜ் செய்யும் பவர் பேங்க் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட், வரைபடம், சாப்பாடு எல்லாம் அந்த ஒரு போனை நம்பித்தான்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து அம்மா வந்திருக்கிறார். வெளியில் சாப்பிட மாட்டார். வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடுவார்களா? என்ன கட்டிக்கொண்டு போனால் கெடாது?
– வாசகி, டாம்பா

பதில்: தாராளமாக விடுவார்கள். டிஸ்னி பூங்காக்களில் சொந்த உபயோகத்துக்கான உணவுக்குத் தடையில்லை. கண்ணாடிப் பாத்திரம் கூடாது (குழந்தை உணவுக் குப்பிக்கு மட்டும் விலக்கு), மது கூடாது, உதிரி ஐஸ் கட்டியும் உலர் ஐஸும் கூடாது, அங்கே போய்ச் சூடாக்க வேண்டிய உணவோ கடுமையாக வாடை அடிக்கும் உணவோ கூடாது. பை 24 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரத்துக்குள் இருக்க வேண்டும். வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்பதால் சாப்பாட்டு டப்பாக்களை மேலாக அடுக்குங்கள். ஊறுகாயைக் கண்ணாடி பாட்டிலிலிருந்து சின்ன பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.

கெடுவது பற்றிக் கொஞ்சம் கறாராகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சமைத்த உணவு குளிர்ச்சி இல்லாமல் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது, வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான் என்பது அமெரிக்க வேளாண் துறையின் விதி. ஆர்லாண்டோ கோடையில் 90-ஐத் தாண்டுவது அன்றாடம். ரயிலில் இரண்டு நாள் புளியோதரை தாங்கியதே என்ற நினைப்பில் ஐஸ் இல்லாமல் எடுத்துப் போகாதீர்கள். புளியும் நல்லெண்ணெயும் கெடுவதைத் தள்ளிப்போடும். ஆனால் வெந்த சோற்றில் பிழைத்திருக்கும் நுண்ணுயிர் சூட்டில் பெருகும். மணத்தைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது.

நான்கு பேருக்கு 2 கப் பச்சரிசி போதும். வழக்கத்தைவிடக் கால் கப் தண்ணீர் குறைத்து உதிரியாக வடித்து, அகலத் தட்டில் கொட்டி, 3 மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டுப் பரப்புங்கள். ஆறியதும் 5, 6 மேசைக்கரண்டி புளிக்காய்ச்சலைக் கலந்து, ஆழமில்லாத டப்பாக்களில் போட்டு இரவே ஃப்ரிட்ஜில் வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மேல் சோற்றில் இறங்கும். அந்த இடத்திலிருந்துதான் நொசநொசத்துக் கெட ஆரம்பிக்கும். காலையில் மெல்லிய கூலர் பையில் அடியில் ஒன்று, மேலே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று என அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து அடுக்குங்கள். உதிரி ஐஸுக்குத்தான் தடை, உறைந்த பாட்டிலுக்கு இல்லை. மத்தியானம் அது உருகினால் குடிக்கவும் ஆகும். குளிர்ந்த சோறு விறைத்திருக்கும். சாப்பிடுவதற்கு 20 நிமிடம் முன்னால் டப்பாவை நிழலில் எடுத்து வைத்தால் பதம் திரும்பிவிடும்.

மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் இரு பக்கமும் தடவிய இட்லி (ஆளுக்கு நான்கு), பால் விட்டுப் பிசைந்த மாவில் செய்த சப்பாத்தி, இரண்டும் நன்றாக இருக்கும். தயிர் சாதம் எடுத்துப் போனால் அந்த டப்பாவுக்குக் கூலரின் நடு இடத்தைக் கொடுங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். முதலில் கெடுவது அதுதான். சுமக்க முடியாவிட்டால் நுழைவாயிலுக்கு அருகே வாடகை லாக்கர்கள் உண்டு, ஆனால் அங்கே திரும்பி நடக்கும் தூரத்தையும் அம்மாவின் முழங்காலையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவம், முட்டையும் இல்லை. கவுன்ட்டரில் எதை நம்பி வாங்கலாம்?
– வாசகர், சான் ஹோசே

பதில்: மெனுவில் பச்சை இலை அடையாளத்தைத் தேடுங்கள். 2019 முதல் டிஸ்னி இதைப் பயன்படுத்துகிறது. இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேராத உணவு என்று பொருள். பால் சேர்ப்பவர்களுக்கு இலை இல்லாத சீஸ் உணவுகளும் ஆகும். ஆனால் இலை போட்டிருந்தாலும் பொரிக்கும் எண்ணெய் கோழியோடு பொதுவாக இருக்கக்கூடும். அது உங்களுக்கு முக்கியம் என்றால் கவுன்ட்டரில் மூன்று கேள்வி கேளுங்கள்: இதைத் தனி எண்ணெயில் பொரிக்கிறீர்களா, சாதமும் பீன்ஸும் எந்தச் சாற்றில் வெந்தவை, சூப்பில் கோழிச்சாறு உண்டா. தெரியாவிட்டால் ஊழியர் சமையல்காரரைக் கேட்டு வந்து சொல்வார், அதற்குத் தயங்காதீர்கள்.

அனிமல் கிங்டத்தில் பண்டோரா பகுதியில் உள்ள சட்டுலி கேன்டீன்தான் எங்கள் முதல் தேர்வு. சாதமா, நூடுல்ஸா, கீரையா என்று அடித்தளத்தையும் மேலே ஊற்றும் சாஸையும் நீங்களே தேர்ந்தெடுக்கும் கிண்ண உணவு. மொறுமொறுவென்று பொரித்த கார டோஃபுவும் உண்டு. காரம் நம் அளவுக்கு இருக்காது, ஆனால் வயிறு நிறையும், உட்கார ஏசி அறையும் இருக்கிறது. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் உட்டீஸ் லஞ்ச் பாக்ஸில் மூன்று வகைச் சீஸ் வைத்த சூடான சாண்ட்விச் கிடைக்கும். கூடவே தரும் தக்காளி சூப்பைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். அங்கே எல்லா மேசையும் வெளியில்தான். கோடையில் பிற்பகல் இடிமழை வழக்கம் என்பதால் 11 மணிக்கே முடித்துவிடுவது நல்லது. மேஜிக் கிங்டத்தில் பினோக்கியோ வில்லேஜ் ஹவுஸில் பீட்சா போன்ற சீஸ் ஃப்ளாட்பிரெட் உண்டு. எப்காட்டில் ‘தி லேண்ட்’ கட்டடத்துக்குள் இருக்கும் சன்ஷைன் சீசன்ஸ் போங்கள். அதே கட்டடத்தின் படகுச் சவாரியில் நீங்கள் பார்க்கும் பசுமைக்குடில் காய்கறிகளை அங்கே சமையலில் சேர்க்கிறார்கள். இனிப்புக்கு டோல் விப் என்ற, ஐஸ்கிரீம் போன்ற குளிர் இனிப்பு. அன்னாசி மட்டும் உள்ளதில் பால் இல்லை. வெனிலா சுழற்றியதில் உண்டு.

மார்ஷ்மெல்லோ ஒட்டிய மிட்டாய் எதிலும் பெரும்பாலும் ஜெலட்டின் (விலங்குகளின் எலும்பு, தோலிலிருந்து எடுப்பது) இருக்கும். பிள்ளைகள் கை நீட்டும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், பூண்டும் கூடாது என்றால் கவுன்ட்டரில் பழத்தைத் தவிர அதிகம் தேறாது, மேலே சொன்ன கட்டுச்சாதமே வழி.

கேள்வி: ஒரு பாட்டில் தண்ணீர் 4 டாலரா?
– வாசகர், அட்லாண்டா

பதில்: ஏறக்குறைய அவ்வளவுதான், ஆனால் வாங்கத் தேவையில்லை. குழாயிலிருந்து பானம் ஊற்றித் தரும் எந்தக் கவுன்ட்டரிலும் ஐஸ் போட்ட தண்ணீர் இலவசம். எதுவும் வாங்காவிட்டாலும் தருவார்கள். நான்கு பூங்காவிலும் உள்ள ஸ்டார்பக்ஸிலும் கேட்கலாம். வெறும் பாட்டில் விற்கும் வண்டிக்கடையில் கிடைக்காது. ஃப்ளோரிடா தண்ணீரின் வாடை சிலருக்குப் பிடிக்காது. எலுமிச்சைப் பொடியோ, சுக்கும் ஏலக்காயும் போட்ட பானகப் பொடியோ எடுத்துப் போனால் குடித்துவிடலாம். டிஸ்னி ஹோட்டலில் விற்கும், திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் கோப்பை இந்த நான்கு பூங்காக்களுக்குள் செல்லாது.

கேள்வி: எப்காட் உணவுத் திருவிழாக் கடைகளில் சின்னத் தட்டுகள் மலிவாக இருக்கிறதே, அதையே சாப்பாடாக வைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, சிகாகோ

பதில்: ருசி பார்க்க வாங்குங்கள், பசிக்கு வாங்காதீர்கள். ஒரு தட்டு நான்கு வாய்தான். மூன்று, நான்கு தட்டு எடுத்தால் கவுன்ட்டர் சாப்பாட்டின் விலையைத் தாண்டிவிடும். ஒவ்வொரு கடைக்கும் தனி வரிசை வேறு.

கேள்வி: அடுத்த நாள் ஆர்லாண்டோவின் இன்னொரு கேளிக்கைப் பூங்காவான யுனிவர்சல் போகிறோம். அதே கூலர் பையைக் கொண்டுபோகலாமா?
– வாசகர், ஷார்லட்

பதில்: முடியாது. யுனிவர்சல் ஆர்லாண்டோவில் மெல்லிய கூலர் பை 8.5 அங்குல அகலம், 6 அங்குல உயரம், 6 அங்குல ஆழத்துக்குள் இருந்தால்தான் விடுவார்கள். கெட்டிக் கூலருக்கு அனுமதியே இல்லை. சூடாக்கத் தேவையில்லாத சிறு தீனியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டுபோகலாம், முழுச் சாப்பாட்டுக் கட்டு கூடாது. முறுக்கு, தட்டை, பொடி தடவிய இரண்டு இட்லி அந்தச் சின்னப் பைக்குள் அடங்கும். கட்டுச்சாதத்தைக் காரில் நன்றாக ஐஸ் வைத்த கூலரில் விட்டு, மத்தியானம் வெளியே வந்து சாப்பிட்டுவிட்டு அதே டிக்கெட்டில் திரும்ப நுழையலாம். கார் நிறுத்துமிடம் போய் வரவும் வாசலில் மறுபடி பை பார்க்கவும் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.