புளி போட்டுத் தேய்த்த தோட்டா

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். லீவு நாட்களில் துப்பாக்கி சுடும் கிளப்புக்குப் போவான். சுட்டு முடித்த 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே மறுபடி நிரப்புகிறான். அங்கே அது சாதாரணமாம். கூடெல்லாம் கறுத்துவிட்டது என்று, அவன் அம்மா குத்துவிளக்கு தேய்ப்பதை நினைத்துக்கொண்டு, புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டிருக்கிறான். காலையில் பார்த்தால் பாதிக் கூடு ரோஸ் கலர். சிலவற்றில் அடிப்பக்கம் பளபளவென்று ஒரு வளையம். இன்னும் சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும் கரி. வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி "அம்மாகிட்ட கேளுங்கப்பா" என்கிறான். அவள் உங்களுக்கு எழுதச் சொல்கிறாள். இதெல்லாம் கெட்டுப்போன கூடா? தேய்க்கிற மெஷின் வேறு வாங்கப் போகிறானாம். வாங்கலாமா?
— ரப்பர் விவசாயி, குலசேகரம்

பதில்: அம்மா விளக்கை ராத்திரி முழுக்க ஊறப்போட்டதில்லை என்பதை முதலில் மகனுக்குச் சொல்லுங்கள். புளியைத் தடவி, தேய்த்து, உடனே கழுவித் துடைத்துவிடுவார். வித்தியாசம் அங்கேதான்.

தோட்டாக் கூட்டின் பித்தளையில் நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். புளியின் அமிலம் மேலே இருக்கும் கறுப்பை எடுக்கும். அதோடு நிறுத்தாவிட்டால் துத்தநாகத்தையும் கரைக்க ஆரம்பிக்கும். துத்தநாகம் போன இடத்தில் செம்பு தெரிகிறது, அதுதான் அந்த ரோஸ் கலர். கொஞ்ச நேரம் ஊறி லேசாகச் சிவந்த கூடு என்றால் மேல்தோல் மட்டும்தான், பெரிய பாதகமில்லை. ஆனால் ராத்திரி முழுக்க ஊறி, ஆழமாகச் சிவந்து, தொட்டால் சொரசொரவென்று இருப்பதைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள். 9 மி.மீ. தோட்டாவுக்குள் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு வரை போகலாம். உங்கள் கார் டயரில் இருப்பது 30 சொச்சம். ஒரு கூட்டை மிச்சம் பிடிக்கிற இடமில்லை இது.

அடிப்பக்க வளையத்துக்கு வருவோம். கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்குகிற அச்சுக்கு டை என்று பேர். அது அடிவரைக்கும் எட்டாது. அது நின்ற இடத்தில் ஒரு கோடு விழும். பெரும்பாலும் அதுதான். விரல் நகத்தால் மேலிருந்து கீழே இழுத்துப் பார்க்கட்டும். நகம் வழுக்கிக்கொண்டு போனால் சரி. எங்கேயாவது மாட்டினால் வேண்டாம். அடிப்பக்கம் ஒரு புறம் மட்டும் வயிறு தள்ளினாற்போல் இருந்தாலும் வேண்டாம்.

ஒரு பக்கக் கரி, பார்க்கத்தான் அசிங்கம். வெடிமருந்து குறைவாக இருந்தால் கூடு விரிந்து துப்பாக்கிக் குழலின் சுவரோடு நன்றாக ஒட்டாது. அந்த இடுக்கில் புகை பின்னால் வந்து படிந்துவிடும். துடைத்தால் போச்சு. நீளவாக்கில் மெல்லிய கீறல் இருந்தால் டைக்குள் மண் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம், டையைச் சுத்தம் செய்யட்டும். திட்டுத் திட்டாக இருப்பது கழுவின தண்ணீர் காய்ந்த தடம். நம்மூர் உப்புக் கிணற்றுத் தண்ணீரில் கழுவின எவர்சில்வர் தட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கூட்டின் வாய்ப்பக்கம் முடிபோல ஒரு வெடிப்பு தெரிந்தால் மட்டும் யோசனையே வேண்டாம். குறடால் நசுக்கி, மறுபடி கலந்துவிடாமல் தனி டப்பாவில் போடட்டும்.

இந்த வெடிப்புக்கு நம் நாட்டோடு ஒரு பழைய உறவு உண்டு. வெள்ளைக்காரன் பட்டாளம் இங்கே இருந்த காலத்தில், மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் தோட்டாவை அடுக்கி வைத்தார்கள். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், சுடாத புதுத் தோட்டாவில் வெடிப்பு. பருவத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே பெயர் வைத்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பிய அமோனியாதான் காரணம் என்பது 1921-ல்தான் தெளிவானது. இழுத்து நீட்டின பித்தளைக்குள் ஒரு விறைப்பு இருக்கும். அமோனியாவும் ஈரமும் சேர்ந்தால் அந்த விறைப்பான இடத்தில் வெடிக்கும்.

அமோனியா நெடி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க ஊற்றுகிறோமே, அதேதான். உங்கள் பால் கேன் இருக்கிற ஷெட்டிலோ மாட்டுத் தொழுவத்திலோ பாட்டி காலத்துப் பித்தளைப் பானை கிடந்தால் இன்றைக்கே எடுத்து வீட்டுக்குள் வையுங்கள். மகனிடம், அமோனியா கலந்த உலோக பாலிஷைக் கூட்டில் தொடவே கூடாது என்று சொல்லுங்கள். விளக்குக்கு ஆகிற பாலிஷ் தோட்டாவுக்கும் ஆகும் என்று நினைக்க வேண்டாம். டப்பாவின் லேபிளைப் படித்துவிட்டு வாங்கட்டும்.

மெஷின் வாங்கலாம். அதற்கு அங்கே டம்ளர் என்று பேர், காபி டம்ளர் இல்லை. அக்ரூட் ஓட்டுத்தூள் அல்லது சோளக்கட்டைத் தூளோடு கூட்டைப் போட்டுக் குலுக்குகிற சட்டி. அவனைப் போல மாதத்துக்குச் சில நூறு கூடு செய்கிறவனுக்குச் சின்னது போதும். தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் போட்டுச் சுற்றுகிற வகை, கூட்டின் உள்பக்கத்தையும் பளிச்சென்று ஆக்கும். ஆனால் அப்புறம் நன்றாகக் காய வைக்கிற வேலை இருக்கிறது. என்னைக் கேட்டால், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டும் என்ற ஆசைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். அழுக்கும் மண்ணும் போனால் போதும், மங்கின கூடும் நன்றாகவே சுடும்.

பழைய கூடு விலைக்கு வாங்குவதாக இருந்தால் ஒரு காந்தம் கையில் இருக்கட்டும். பித்தளை ஒட்டாது. ஒட்டினால் அது இரும்புக் கூடு, ஒதுக்கிவிட வேண்டும். மின்னுகிறதே என்று கூடுதல் விலை கொடுக்க வேண்டாம், பாலிஷ் போட்டு விற்பவனுக்கு அதில்தான் லாபம்.

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. அந்தப் புளித்தண்ணீரை எந்தப் பாத்திரத்தில் கரைத்தான்? தோட்டாவின் அடியில், தட்டினதும் தீப்பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கிற பிரைமரில் பெரும்பாலும் ஈயச் சேர்மம் இருக்கும். வெடித்த பிறகு கூட்டில் கறுப்பாக ஒட்டியிருப்பதில் அதுவும் சேர்த்தி. சமையல் பாத்திரம் என்றால் அதை அடுக்களைக்குள் திரும்பக் கொண்டு போகக் கூடாது. மெஷின் தூசியும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் கார் ஷெட்டில் வைத்து, கதவைத் திறந்துபோட்டு, கையுறை மாட்டிக்கொண்டு செய்யட்டும். முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சோற்றில் கை வைக்கக் கூடாது.

கேள்வி: நாகர்கோவிலில் ஒரு கடையில் "சுத்தப் பித்தளை" என்று சொல்லி வாங்கின குத்துவிளக்கு, குளச்சலில் கடற்கரைப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?
— இல்லத்தரசி, குளச்சல்

பதில்: கறுத்ததை வைத்து ஏமாற்று என்று சொல்ல முடியாது. புது விளக்கின் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அது உரிந்த இடத்தில் உப்புக்காற்று வேலையைக் காட்டும். மேலே சொன்ன காந்தத்தை வைத்துப் பாருங்கள். தண்டில் ஒட்டினால் உள்ளே இரும்பு, கடைக்காரர் சொன்னது பொய். அப்போது பில்லோடு போய்க் கேளுங்கள். மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. பில் வாங்கவில்லை என்றால், இனிமேலாவது எடையும் "பித்தளை" என்ற வார்த்தையும் எழுதின பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள்.

குலசேகரத்துக்காரர் தனித் தாளில் கேட்டது: மகன் லீவுக்கு வரும்போது ஷோகேஸில் வைக்க நாலு காலிக் கூடு கொண்டுவரலாமா?

வேண்டாம். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் தோட்டா வகைகளைக் குறிக்கிற "அம்யூனிஷன்" என்ற சொல்லுக்குள் அதன் உதிரிப் பாகங்களும் அடக்கம். காலிக் கூடுதானே என்று திருவனந்தபுரம் விமான நிலையத்து ஸ்கேனர் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. இங்கே உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பதும் குற்றம், அதனால் டையையும் மெஷினையும் அங்கேயே விட்டுவிட்டு வரட்டும். ஷோகேஸுக்கு ஒரு நல்ல பித்தளைக் கிண்டி வாங்கிவையுங்கள். அதை அவன் அம்மாவே தேய்ப்பார்.