கிராண்ட் கேமனில் திருக்கை மீன்களைப் பார்க்க எந்தப் படகில் போவது?

கேள்வி: வரும் ஜூலையில் மயாமியிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் குடும்பத்துடன் செல்கிறோம். கரீபியன் கடலில் உள்ள கிராண்ட் கேமன் தீவில் காலை 8 மணி முதல் மாலை 4 மணி வரை கப்பல் நிற்கும். திருக்கை மீன்களுடன் நீரில் நிற்கும் படகுப் பயணத்தைக் கப்பல் நிறுவனமே விற்கிறது. உள்ளூர்ப் படகுக்காரர்கள் அதைவிடக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். என் தாயாருக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. 7 வயது மகனுக்கு நீச்சல் தெரியாது. எதை நம்பிப் பணம் கட்டுவது? திருக்கையின் முள் குத்திவிடாதா?

பதில்: உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது, உள்ளூர்க்காரர் நடத்தும் சிறிய படகு. விலை குறைவு என்பது அதற்குக் காரணம் அன்று. வயதானவரையும் சிறுவனையும் அழைத்துச் செல்பவர்களுக்குப் படகில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்பதும், நீரிலிருந்து மேலே ஏறும் படி எப்படி இருக்கிறது என்பதும்தான் முக்கியம். இவ்விரண்டும் சிறிய படகில் பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக அமையும். ஆனால் நேரத்தைச் சரியாகக் கணக்கிட முடிந்தால் மட்டுமே இந்தப் பரிந்துரை பொருந்தும். ஆகவே நேரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

தலைநகர் ஜார்ஜ் டவுனில் பெரிய கப்பல்கள் ஒட்டி நிற்கும் துறைமேடை கிடையாது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்க, டெண்டர் எனப்படும் சிறு படகுகள் பயணிகளைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. கப்பல் நிறுவனத்திடம் சுற்றுலா வாங்கியவர்களை வழக்கமாக முதலில் இறக்குவார்கள். மற்றவர்கள் வரிசை எண் பெற்றுக் காத்திருக்க வேண்டும். எனவே 8 மணிக்குக் கப்பல் வருகிறது என்பதை நம்பி 8:30 மணிப் படகுக்குப் பணம் கட்டினால் அதைத் தவறவிட வாய்ப்பு அதிகம். 10 மணிக்குப் புறப்படும் படகே உங்களுக்கு ஏற்றது. மீன்கள் கூடும் மணல் திட்டு, தீவின் வடபுறத்தில் நார்த் சவுண்ட் என்ற அகன்ற விரிகுடாவில் இருக்கிறது. நகரிலிருந்து பேருந்தில் படகுத்துறைக்குச் சென்று, அங்கிருந்து மேலும் 20 அல்லது 30 நிமிடம் படகில் செல்ல வேண்டும். போக்குவரத்தையும் சேர்த்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணிக்கு நகருக்குத் திரும்பிவிடலாம். கடைசி டெண்டர் கப்பல் புறப்படுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடும் என்பதால், உங்களுக்கான கெடு 4 மணி அல்ல, 3 மணி என்றே கொள்ளுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. மயாமியில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னுக்கு நகர்த்துவார்கள்; கேமன் தீவுகளில் அந்த வழக்கம் இல்லை. ஜூலையில் மயாமியில் மணி 3 என்றால் கேமனில் 2தான். கப்பல் மயாமி நேரத்தையே பின்பற்றினால், கரையில் இறங்கிய உங்கள் கைபேசி தீவின் வலையமைப்பைப் பிடித்ததும் தானாகவே ஒரு மணி நேரம் பின்னுக்குப் போய்விடும். அது 3 என்று காட்டும்போது கப்பலில் மணி 4, அதாவது கப்பல் நங்கூரத்தை எடுக்கும் நேரம். ஆகவே இரண்டு வேலைகளைச் செய்யுங்கள். கப்பல் நேரத்துக்கு வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். படகுக்காரர் சொல்லும் 10 மணி கப்பல் நேரமா, தீவு நேரமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தீவு நேரம் என்றால் கப்பல் கணக்கில் அது 11. நகருக்குத் திரும்பும்போது 2 ஆகிவிடும். அதுவும் போதும், ஆனால் வழியில் கடைகளில் நிற்க நேரம் இருக்காது. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் சென்றவர்கள் தாமதமானால் அவர்களுக்குக் கப்பலே பொறுப்பு. தனியாகச் சென்றவர்களுக்காக அது காத்திருக்காது. ஏதோ காரணத்தால் கப்பல் அங்கு நிற்கும் நேரம் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருங்கினால், விலையைப் பார்க்காமல் கப்பல் விற்கும் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படகுக்காரரிடம் கேட்க வேண்டியவற்றில் முதலாவது, படகில் அதிகபட்சம் எத்தனை பேர் என்பது. பெரிய படகுகளில் பல பத்துப் பேர் ஒரே நேரத்தில் நீரில் இறங்கும்போது ஒரு வழிகாட்டி உங்கள் மகன் பக்கத்தில் நிற்பார் என்று எதிர்பார்க்க முடியாது. 15 பேர் அளவிலான படகில் அது நடக்கும். இரண்டாவது, ஏணி. செங்குத்தான, வழுக்கும் கம்பிகள் கொண்ட ஏணியில் இறங்குவதைவிட, நனைந்த உடலின் எடையோடு திரும்ப ஏறுவதுதான் முழங்கால் வலி உள்ளவர்களைத் திணறடிக்கும். பின்புறத்தில் அகலப் படியும் கைப்பிடியும் உள்ள படகின் நிழற்படத்தை அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது, குழந்தை அளவிலான மிதவை அங்கி. பெரியவர்களுக்கான அங்கியைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது பாதுகாப்பாகாது. கப்பல் அன்று தீவுக்கு வராவிட்டால் பணம் முழுவதும் திரும்பி வருமா, கடல் கொந்தளிப்பால் கப்பல் தென்கரையில் உள்ள ஸ்பாட்ஸ் துறைக்கு மாற்றப்பட்டால் அங்கு வந்து ஏற்றிக்கொள்வார்களா என்பதையும் கேளுங்கள். விலை எந்த டாலரில் என்பதையும் உறுதிசெய்யுங்கள்: 1 கேமன் டாலர் 1.20 அமெரிக்க டாலருக்குச் சமம், எனவே 50 என்று எழுதியிருப்பது 60 ஆகலாம்.

இனி மீன்கள். இந்த விரிகுடாவை வடக்கே பவளப்பாறைத் தொடர் ஒன்று காக்கிறது. மீனவர்கள் அதன் உட்புறத்து அமைதியான நீரில் படகை நிறுத்தி, பிடித்த மீனைச் சுத்தம் செய்து கழிவைக் கடலில் எறிவது வழக்கமாக இருந்தது. அதைத் தின்னக் கூடிய திருக்கைகள் படகு எஞ்சினின் ஓசைக்கே பழகின. 1980களின் பிற்பகுதியில் முக்குளிப்போர் கையால் உணவூட்டத் தொடங்க, இடம் புகழ்பெற்றது. மணல் திட்டில் நீர் பெரியவர்களுக்கு இடுப்பளவு இருக்கும். உங்கள் மகனுக்கு மார்பு வரையோ கழுத்து வரையோ வரலாம்.

2006ல் ஆஸ்திரேலியக் கடலில் காட்டுயிர்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஸ்டீவ் இர்வின் திருக்கையின் முள் மார்பில் பாய்ந்து இறந்தது பலர் மனதில் இருப்பதால் உங்கள் அச்சம் இயல்பானதே. திருக்கை முள்ளால் தாக்கி வேட்டையாடுவதில்லை. முள் அதன் தற்காப்பு ஆயுதம். பெரும்பாலும் மணலில் புதைந்து கிடக்கும் மீனின் முதுகில் மனிதக் கால் அழுந்தும்போதுதான் வால் சுழன்று மேலே வரும். நம் கடற்கரைகளில் திருக்கை பிடிப்பவர்கள் முதலில் வாலைக் கவனிப்பதும் இதனால்தான். ஆகவே திட்டில் கால் தூக்கி நடக்காதீர்கள். பாதத்தை மணலிலேயே உரசியபடி நகர்த்தினால், அந்த அசைவை உணர்ந்து மீன் விலகிப் போய்விடும். உங்கள் மகனுக்கு இதைக் கப்பலின் நீச்சல் குளத்திலேயே பழக்கிவிடுங்கள்.

உணவூட்டும்போது உள்ளங்கையைத் தட்டையாக விரித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, கணவாய்த் துண்டை நீருக்குள் பிடிக்க வேண்டும். திருக்கையின் கண்கள் முதுகுப் பக்கத்தில், வாய் வயிற்றுப் பக்கத்தில். தன் வாய்க்கு நேரே இருக்கும் உணவை அது பார்ப்பதே இல்லை. மோப்பத்தாலும், நீரில் உள்ள மெல்லிய மின்சாரத்தை அறியும் உணர்வாலும் தேடி, கையின் மீது பட்டுத்துணி போல வழுக்கிக்கொண்டு வந்து, உறிஞ்சி எடுக்கும். அந்த இழுப்பு எதிர்பார்ப்பதைவிடப் பலமாக இருப்பதால் குழந்தைகள் திடுக்கிட்டுக் கையைப் பிடுங்குவதுண்டு. முதலில் நீங்கள் ஊட்டிக் காட்டுங்கள். பெண் மீன்கள் ஆண்களைவிட மிகப் பெரியவை. ஒன்று தோளை உரசிச் சென்றால் மகன் பதறாமலிருக்க அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

புகைப்படத்துக்காக மீனை நீருக்கு வெளியே தூக்குவதைத் தீவின் சட்டம் தடைசெய்கிறது. ஆழமற்ற நீரில் காலணி அணிவதற்கும் தடை உண்டு, ஏனெனில் மீனின் மேல்தோலைக் காக்கும் வழவழப்பான படலம் எளிதில் சிதைந்துவிடும். இந்த விதிகளை மீறிக் காட்டும் படகுக்காரரின் படங்கள் இணையத்தில் தென்பட்டால், அவரை விட்டுவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. 2013ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இயல்பில் இரவில் தனித்து இரை தேடும் இந்த மீன்கள் இங்கு பகலில் கூட்டமாகத் திரிவதாகக் காட்டியது. மனிதர்கள் கொடுக்கும் தீனியால் வந்த மாற்றம் அது. அதனால் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை ஊட்டிவிட்டு, மீதி நேரம் கைகளை மார்போடு வைத்துக்கொண்டு, மீன்கள் சுற்றிப் போவதைப் பார்த்து நிற்பது உங்கள் மகனுக்கும் நிறைவாக இருக்கும், மீன்களுக்கும் தொல்லை குறையும்.

தப்பித்தவறி முள் காலில் குத்தினால், காயத்தைத் தோல் பொறுக்கும் அளவு சூடான நீரில், அதாவது 45 டிகிரி செல்சியஸுக்கு மேற்படாத நீரில், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வைக்க வேண்டும். சூடு வலியைத் தணிக்கும். பிறகு மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம், முள்ளின் துணுக்கு உள்ளே தங்கியிருக்கக்கூடும். மார்பிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் பதிந்தால் அதைப் பிடுங்கவே கூடாது. படகில் வெந்நீர்க் குடுவை இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேட்டுப் பாருங்கள். உடனே பதில் சொல்பவர் தம் தொழிலை அறிந்தவர்.

உங்கள் தாயார் இறங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. நீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதால், கூரை நிழலில் படகின் ஓரத்தில் அமர்ந்தபடியே கீழே போகும் கரிய வடிவங்களை அவர் எண்ணிவிடலாம். அந்த ஓர இருக்கையை அவருக்கு ஒதுக்கித் தரும்படி முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள்.