புகை பறக்கும் குழியும் அடகு வைத்த நகையும்

கேள்வி: ஐயா, எங்கள் தென்னந்தோப்பில் மூன்று ஆழ்துளைக் கிணறு (போர்) போட்டும் தண்ணீர் இல்லை. மனைவியின் நகையை அடகு வைத்துப் போட்ட கடைசிப் போரில் 850 அடி வரை வெறும் புகைதான் வந்தது. அதையே 1,100 அடிக்கு ரீபோர் செய்து ஆழப்படுத்தலாம் என்கிறார் போர் வண்டிக்காரர். இவ்வளவு செலவழித்த பிறகு எப்படி விடுவது?
– வாசகர், பல்லடம்.

பதில்: நகையை வைத்துத் தோண்டிய குழியிலிருந்து ஈரமே இல்லாத கல்மாவு பறப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எத்தகைய வேதனை என்பதை உணர்கிறேன். ஆனால், ‘இவ்வளவு செலவழித்த பிறகு’ என்னும் உங்கள் சொற்களை வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது. ரீபோர் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. அடகுக் கடையின் வட்டியும் குறையாது.

1985ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம், தான் வளர்ந்ததற்குக் காரணமான கணினி நினைவகச் சில்லுத் தொழிலில் நஷ்டப்பட்டுக்கொண்டிருந்தபோது, அதன் தலைவர்களுள் ஒருவரான ஆண்ட்ரூ குரோவ் தம் சகா கார்டன் மூரிடம், நம்மை நீக்கிவிட்டு வேறொருவரை நியமித்தால் அவர் என்ன செய்வார் என்று கேட்டார். அந்தத் தொழிலை விட்டுவிடுவார் என்றார் மூர். அதை நாமே செய்தால் என்ன என்று கேட்ட குரோவ், அப்படியே செய்தும் காட்டினார்.

நீங்களும் தினமும் காலையில் தோப்புக்குள் நுழையும்போது, இந்த நிலத்தை நேற்றுத்தான் வாங்கியவராக உங்களை எண்ணிக்கொண்டு, கையிலிருக்கும் பணத்தை இந்தக் குழியில் போடுவேனா என்று கேட்டுப் பாருங்கள். மறக்க வேண்டியது செலவைத்தான். அந்தக் குழிகள் சொன்ன செய்தியை மறந்துவிடக் கூடாது. பாறைப் பகுதியில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும், ஆழம் கூடக் கூட அவ்வெடிப்புகள் பொதுவாகக் குறைந்துகொண்டே போகும், அடிக்கான கூலியோ ஏறிக்கொண்டே போகும் என்பதால், புதிதாக வந்தவர் மூன்று வறண்ட குழிகளையும் எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்வார். நமக்கு மட்டும் அவை விட்டதைப் பிடிக்கச் சொல்லும் அழைப்பாகத் தோன்றுகின்றன.

வண்டிக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் முன், பாறையின் மின்தடையை அளந்து நீர் பார்க்கும் நிலவியல் வல்லுநர் ஒருவரை அழைத்து வாருங்கள். முந்தைய செலவை அவரிடம் சொல்லாதீர்கள். எத்தனை அடியில் என்ன கல் வந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள். அவரும் வேண்டாம் என்றால், அந்தப் பணத்தில் ஒரு பண்ணைக் குட்டையும் சொட்டுநீர்க் குழாய்களும் அமைத்து, இருக்கும் தண்ணீருக்குத் தாங்கும் மரங்களை மட்டும் காப்பாற்றப் பாருங்கள். நகையை மீட்பதற்கான கணக்கைத் தனி நோட்டில் எழுதி வையுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் போகாதீர்கள்.