'க்ரானிக்கிள்' என்றால் வரலாறு இல்லையா?

முப்பது ஆண்டுகளாக வரலாற்று நூல்களை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறேன். அந்த வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்த சொல் 'க்ரானிக்கிள்' (chronicle). போன முறை இந்தக் கேள்வி-பதில் பகுதியில் யாரோ ஒருவர் அதற்குப் பொருள் கேட்டார், 'வரலாறு அல்ல' என்று மட்டும் சொல்லி நிறுத்தினேன். அதன்பின் வந்த கேள்விகள் எல்லாம் அந்தச் சொல்லைப் பற்றியவைதான். அதனால் இந்த முறை வேறு எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): ஐயா, என் அகராதியில் 'வரலாறு, சரித்திரம்' என்றுதான் போட்டிருக்கிறது. நீங்கள் ஏன் அதை மறுக்கிறீர்கள்?

பதில்: அகராதி பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறது. இந்தச் சொல்லின் வேர் கிரேக்கத்தில் 'க்ரோனோஸ்', அதாவது காலம். நடந்ததை நடந்த வரிசையில், நாளோ ஆண்டோ குறித்து எழுதி வைப்பது க்ரானிக்கிள். 'ஹிஸ்டரி' என்ற சொல்லும் கிரேக்கத்திலிருந்து வந்ததுதான், ஆனால் அதன் மூலமான 'ஹிஸ்டோரியா'வுக்கு 'விசாரித்து அறிதல்' என்று பொருள். ஏன் நடந்தது, யார் காரணம், எதை நம்பலாம் என்று கேட்பவர் வரலாற்றாசிரியர். இந்த ஆண்டு மழை பொய்த்தது, அடுத்த ஆண்டு மன்னன் இறந்தான் என்று எழுதிக்கொண்டே போகிறவர் க்ரானிக்கிளர்.

இருவரில் க்ரானிக்கிளரைத் தாழ்த்திப் பேசுவது கல்வியுலகில் ஒரு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வரலாற்றாசிரியருக்கு முடிவு தெரியும், எந்தப் போரில் யார் வென்றார் என்று தெரிந்துகொண்டுதான் பேனாவை எடுக்கிறார். அன்றன்றைக்கு எழுதியவருக்கு நாளை என்ன ஆகும் என்று தெரியாது. அந்தத் தெரியாமை பக்கத்தில் அப்படியே உறைந்து கிடக்கும். முடிவு தெரிந்தபின் எழுதும் வரலாற்றில் அது கிடைக்காது.

கேள்வி (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், மதுரை): உச்சரிப்பு 'க்ரா'வா, 'ச்ரோ'வா?

பதில்: 'க்ரா'. கிரேக்க வழியில் வந்த சொற்களில் 'சி, எச்' சேர்ந்து வந்தால் பெரும்பாலும் 'க' ஒலிதான். கோரஸ், கேரக்டர் எல்லாம் அப்படியே.

கேள்வி (அதே அன்பர்): வினைச்சொல்லாக எழுதும்போது தவறு செய்கிறேன் என்று ஆசிரியர் சொல்கிறார்.

பதில்: அநேகமாக 'அபவுட்' சேர்த்திருப்பீர்கள். தமிழில் 'பஞ்சத்தைப் பற்றி எழுதினார்' என்கிறோம், அந்தப் 'பற்றி' ஆங்கில வாக்கியத்துக்குள்ளும் புகுந்துவிடுகிறது. இந்த வினை நேராகச் செயப்படுபொருளை எடுக்கும்: 'பஞ்சத்தைப் பதிந்தார்' என்பது போல. பெயர்ச்சொல்லாக வந்தால் பின்னால் 'ஆஃப்' வரும். இன்னொன்றும் கவனியுங்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியைக் குறித்துவைப்பதற்கு இந்த வினை பொருந்தாது, அதற்கு 'ரெக்கார்ட்' போதும். நீண்ட காலம் நீடித்த ஒன்றை, அதன் படிப்படியான போக்கோடு எழுதும்போதுதான் இது சரியாக உட்காரும்.

கேள்வி (வங்கி ஊழியர், கோவை): 'ரெக்கார்ட்' என்று சொன்னதால் கேட்கிறேன். அதற்கும் காலம்தான் வேரா?

பதில்: இல்லை, அதன் வேர் நெஞ்சு. லத்தீனில் 'கோர்' என்றால் இதயம். 'ரெக்கார்டாரி' என்றால் மீண்டும் நெஞ்சுக்குக் கொண்டுவருதல், நினைவுகூர்தல். கோப்பும் ரப்பர் முத்திரையுமாக நாம் பார்க்கும் சொல்லுக்கு இப்படி ஒரு பிறப்பு இருக்கிறது என்று அறிந்த நாளில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

கேள்வி (முதுகலை வரலாற்று மாணவர், சென்னை): 'அன்னல்ஸ்' என்பதும் ஆண்டுவரிசைப் பதிவுதானே? இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: 'அன்னுஸ்' என்றால் லத்தீனில் ஆண்டு. ஆண்டுக்கு ஒரு பதிவு என்று கறாராக நடப்பது அன்னல்ஸ். பழைய ரோமில் தலைமைக் குரு ஒரு வெள்ளைப் பலகையில் அந்த ஆண்டின் அதிகாரிகள் பெயர், தானிய விலை, கிரகணம் முதலியவற்றை எழுதி மக்கள் பார்க்க வைத்தார். அதுதான் இதன் தொடக்க வடிவம். க்ரானிக்கிள் கொஞ்சம் தாராளமானது, ஆண்டுகளுக்கு நடுவே கதையும் கருத்தும் ஓடலாம்.

ஆனால் இந்த எல்லையை மிகவும் இறுக்கிப் பிடிக்காதீர்கள். ஆங்கிலேயர் தங்கள் மொழியிலேயே எழுதிய ஆகப் புகழ்பெற்ற பதிவான 'ஆங்கிலோ-சாக்ஸன் க்ரானிக்கிள்' வடிவத்தில் அன்னல்ஸ்தான். 9-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தென் இங்கிலாந்தின் வெஸ்ஸெக்ஸ் அரசர் ஆல்ஃபிரட் காலத்தில் தொகுக்கத் தொடங்கினார்கள். படிகள் எடுத்துப் பல மடங்களுக்குப் போயின, அங்கங்கே துறவிகள் தொடர்ந்து எழுதினார்கள். பீட்டர்பரோ மடத்துப் படி 1154 வரை வருகிறது. 793-ஆம் ஆண்டுக்கு எதிரே, வானத்தில் நெருப்பு டிராகன்கள் பறந்தன, பெரும் பஞ்சம் வந்தது, லிண்டிஸ்ஃபார்ன் தேவாலயத்தைப் புறச்சமயத்தார் அழித்தார்கள் என்று மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே நம்பிக்கையோடு எழுதியிருக்கிறது.

என்னை அதைவிட அதிகம் நிறுத்திவைப்பவை அதன் வெற்றிடங்கள். ஆண்டு எண்களை ஓரத்தில் முன்கூட்டியே வரிசையாக எழுதிவிட்டார்கள். பல எண்களுக்கு எதிரே ஒன்றுமே இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாத ஆண்டையும் அவர்கள் விட்டுவிடவில்லை, எண்ணைப் போட்டு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

கேள்வி (ஊர், பெயர் குறிப்பிடாதவர்): அப்படியானால் க்ரானிக்கிள் எப்போதும் அன்றன்றைக்கு எழுதப்பட்டது என்று நம்பலாமா?

பதில்: நம்பக் கூடாது. அதே பீட்டர்பரோ படியில் 1137-ஆம் ஆண்டுக்கான பதிவு, இங்கிலாந்தை ஆண்ட ஸ்டீபன் மன்னர் காலத்துக் கொடுமைகளைச் சொல்லி, கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று மக்கள் பேசிக்கொண்டதாக எழுதுகிறது. படித்தால் நெஞ்சு கனக்கும். ஆனால் அந்தப் பத்தி அவர் ஆண்ட பத்தொன்பது ஆண்டு அவலத்தையும் ஒரே இடத்தில் கொட்டுகிறது. ஆட்சி முடிந்தபின் திரும்பிப் பார்த்து எழுதியது அது. துயரம் உண்மை, ஆண்டு எண் மட்டும் தளர்வானது.

கேள்வி (பேராலயப் பாடகர் குழுவைச் சேர்ந்தவர், தூத்துக்குடி): எங்கள் வேதாகமத்தில் 'குறிப்பேடு' என்று இருக்கிறது. சீர்திருத்த சபை நண்பர் வீட்டில் 'நாளாகமம்' என்கிறார்கள். இரண்டும் க்ரானிக்கிள்ஸ்தானா?

பதில்: ஆம், ஒரே நூல்தான். எபிரேயத்தில் அதன் பெயர் 'திவ்ரே ஹயாமீம்', நாட்களின் செய்திகள். கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்கள் 'விடுபட்டவை' என்று பொருள்படும் வேறு பெயரை வைத்தார்கள். வேதாகமத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம்தான் இது ஒரு 'க்ரானிக்கிள்' என்று குறிப்பிட்டார், அந்தப் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்தது. 'நாளாகமம்' என்று வைத்தவர் எவராயினும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். எபிரேயத்து 'நாள்' அதில் அப்படியே இருக்கிறது. 'குறிப்பேடு' எளிமையானது, இன்றைய வாசகருக்கு உடனே விளங்கும், ஆனால் அதிலிருந்து நாள் உதிர்ந்துவிட்டது.

எஸ்தரின் நூலில் தூக்கம் வராத அரசன் ஒரு பதிவேட்டைக் கொண்டுவந்து வாசிக்கச் சொல்கிறான். ஆங்கிலத்தில் அங்கே வருவதும் க்ரானிக்கிள்ஸ்தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'நடபடிப் புஸ்தகம்' என்கிறது. நாம் கைவிட்ட நல்ல சொற்களில் அதுவும் ஒன்று.

கேள்வி (ஆசிரியர், யாழ்ப்பாணம்): இலங்கையின் பௌத்த மன்னர்களைப் பாடும் பழைய பாளி நூலான மகாவம்சத்தை ஆங்கிலத்தில் க்ரானிக்கிள் என்கிறார்கள். அந்தப் பெயர் அதற்கு ஒரு நடுநிலை அந்தஸ்தைத் தந்துவிடுகிறது என்பது என் மனக்குறை.

பதில்: உங்கள் குறையில் நியாயம் இருக்கிறது. பாளியில் 'வம்சம்' என்றால் மரபு, கால்வழி. 1912-இல் வெளிவந்த வில்ஹெல்ம் கைகரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'மகாவம்சம்' என்பதை 'பெருங் க்ரானிக்கிள்' என்று விளக்கியது, அந்த வழக்கு ஊன்றிவிட்டது. ஆனால் நூல் தன் நோக்கத்தை மறைக்கவே இல்லை. பக்தியுள்ளோரின் மனத்தெளிவுக்காகவும் உணர்ச்சிப் பெருக்குக்காகவும் இயற்றப்பட்டது என்று ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் சொல்லிக்கொள்கிறது. க்ரானிக்கிள் என்ற சொல் கால வரிசைக்கு மட்டும்தான் உத்தரவாதம், நடுநிலைக்கு அல்ல. இதை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊர்ச் சொல்லும் ஒன்று இருக்கிறது. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது 'யாழ்ப்பாண வைபவமாலை'. இன்று வைபவம் என்றால் திருமணமும் கும்பாபிஷேகமும்தான் நினைவுக்கு வருகின்றன. அங்கே அதன் பொருள் நடந்த செய்தி. நிகழ்ச்சிகளை மாலையாகக் கோத்தது என்று தலைப்பே சொல்லிவிடுகிறது.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர், பெங்களூரு): எல்லா இடத்திலும் பயன்படுத்த ஒரே தமிழ்ச் சொல் தாருங்கள்.

பதில்: தரமாட்டேன், தந்தால் உங்களுக்குக் கெடுதல் செய்தவனாவேன். அரசர்களின் ஆண்டுவரிசைப் பதிவு என்றால் 'காலவரிசைப் பதிவேடு' அல்லது 'நாளாகமம்'. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக எழுதியது என்றால் திருவரங்கத்தார் வைத்த 'ஒழுகு' என்ற சொல்லைப் பாருங்கள். 'கோயிலொழுகு' பல காலத்தவர் கைபட்டு வளர்ந்த பதிவு, 14-ஆம் நூற்றாண்டில் கோயில் பட்ட பாடும் அங்கத்திய உற்சவரான நம்பெருமாள் வெளியூர்களில் அலைந்து திரும்பியதும் அதில் உண்டு. ஒழுகுதல் என்றால் நீர் போவது மட்டுமல்ல, முறைப்படி நடந்து வருவதும்தான். வினையாக வந்தால் 'தொடர்ந்து பதிந்தார்' போதும். நாவல் தொடர்களின் பெயராக வந்தால் 'கதைகள்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், புதுச்சேரி): எங்கள் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதியது டைரியா, க்ரானிக்கிளா?

பதில்: நாட்குறிப்பு என்ற பெயரே சரி. அதன் நடுவில் நிற்பவர் அவர்தான்: தான் பார்த்தது, கேட்டது, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்ஸ் தன்னிடம் சொன்னது. க்ரானிக்கிளில் எழுதுகிறவர் ஒதுங்கி நிற்பார். ஆனால் 1736-இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டு கப்பல் வரவும் போரும் விலைவாசியும் எழுதியவரை அந்த வேலியின் ஒரே பக்கத்தில் நிறுத்துவது எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது.

கேள்வி (செவிலியர், சேலம்): 'க்ரானிக்' நோய் என்கிறோமே, அதுவும் இதுவும் உறவா?

பதில்: உடன்பிறப்புகள். தமிழிலும் அதை 'நாட்பட்ட நோய்' என்கிறோம்.

கேள்வி (விவசாயி மகள், நாகப்பட்டினம் மாவட்டம்): ஐயா, என் அப்பா 1961 முதல் 1998 வரை கணக்கு நோட்டுகளில் மழை, நெல் விலை, ஊர்ச் சாவு, ஆற்றில் தண்ணீர் வந்த நாள் எல்லாம் எழுதியிருக்கிறார். 1977 நவம்பர் புயலுக்கு 'காற்று. தென்னை நாற்பது சாய்ந்தது' என்று ஒரே வரி. அடுத்த பதினொரு நாள் ஒன்றும் இல்லை. ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் எழுதப்போகிறேன். இதை 'அக்கவுண்ட் புக்' என்பதா, 'டைரி' என்பதா?

பதில்: க்ரானிக்கிள் என்று எழுதுங்கள், அம்மா. தயங்காமல் எழுதுங்கள். அவர் தன்னைப் பற்றி எழுதவில்லை, ஊரையும் வானத்தையும் எழுதியிருக்கிறார். இன்று வந்த கேள்விகளில் இந்தச் சொல் முழுமையாகப் பொருந்துவது உங்கள் நோட்டுகளுக்குத்தான்.

ஒரு வேண்டுகோள். தட்டச்சு செய்யும்போது மழை தனி, விலை தனி, சாவு தனி என்று தலைப்பு வாரியாகப் பிரிக்காதீர்கள். அப்படிச் செய்தால் அது அட்டவணையாகிவிடும், அந்த வாரத்தில் எது எதன் அருகில் நடந்தது என்பது போய்விடும். எழுத்துப்பிழையைத் திருத்த வேண்டாம். படம் எடுக்கும்போது அந்தப் பதினொரு நாள் வெற்றிடத்தையும் எடுங்கள். பன்னிரண்டாம் நாள் அவர் முதலில் எழுதியது என்ன என்று எனக்குத் தெரிவியுங்கள்.