இன்ஜினை இறக்கும் முன் பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது 2007 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல் வண்டி. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து யூ டர்ன் எடுத்தால் முன்பக்கம் 'டக் டக்' என்கிறது. ஸ்பீடு பிரேக்கரில் 'கடகட' என்று ஆடுகிறது. 14 கொடுத்த மைலேஜ் 10-க்கு வந்துவிட்டது, மேம்பாலம் ஏறும்போது இழுவை இல்லை. மத்தியான வெயிலில், டிராஃபிக்கில் ஆஃப் ஆகிவிடுகிறது, கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது. டேங்கில் பெட்ரோல் கால்வாசிக்குக் கீழே போனால் இது அதிகம். மெக்கானிக் இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். செய்யலாமா?"

இப்போதைக்கு வேண்டாம் சார். நீங்கள் சொன்னதில் எதுவுமே இன்ஜினைத் திறந்து பார்க்கச் சொல்லும் அறிகுறி இல்லை. சத்தம் ஒரு கதை, பெட்ரோல் வேறு கதை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒரே நோய் மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான்.

சத்தத்தை முதலில் முடித்துவிடலாம். பழைய வண்டியில் என்ன சத்தம் என்பதைவிட அது எதோடு சேர்ந்து வருகிறது என்பதுதான் முக்கியம். ஸ்டியரிங்கை ஒடித்தால் மட்டும் வருவது, பள்ளத்தில் மட்டும் வருவது, வேகத்தோடு ஏறுவது, நின்றிருக்கும்போது ஆக்சிலரேட்டர் மிதித்தாலும் வருவது, இவை ஒவ்வொன்றும் வேறு வேறு இடம். முழுக்க ஒடிக்கும்போது 'டக் டக்' என்றால் அநேகமாக ஆக்சிலின் வெளிப்பக்க சிவி ஜாயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் அதைச் சுழல வைக்கும் மூட்டு. காலி மைதானத்தில் முழுக்க இடது பக்கம் ஒடித்து மெதுவாக ஒரு வட்டம், அப்புறம் வலது பக்கம் ஒரு வட்டம் போடுங்கள். எந்தப் பக்கம் அதிகமாகக் கேட்கிறதோ, பெரும்பாலும் அந்த வளைவுக்கு வெளிப்புறம் இருக்கும் சக்கரத்தின் ஜாயின்ட்தான் தேய்ந்திருக்கும். குனிந்து அந்தச் சக்கரத்தின் உட்பக்கம் பாருங்கள். ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உள்ளே கருப்பு கிரீஸ் தெறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே போனபின் வெறும் பூட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஜாயின்ட்டையே மாற்ற வேண்டும். ஸ்பீடு பிரேக்கர் சத்தத்துக்கு ஸ்டெபிலைசர் லிங்க், லோயர் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பரின் மேல் மவுன்ட் என்ற மூன்று சஸ்பென்ஷன் பாகங்களையும் லிப்ட்டில் ஏற்றி, கம்பி போட்டு நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள். இது எதற்கும் இன்ஜினோடு சம்பந்தமில்லை.

சரி, பெட்ரோல் விஷயம். நீங்களே விடையில் பாதியைச் சொல்லிவிட்டீர்கள்: வெயில், டிராஃபிக், கால்வாசிக்குக் கீழே. ஃபியூயல் பம்ப் பின் சீட்டுக்கு அடியில் உள்ள டேங்குக்குள்ளேயே பெட்ரோலில் மூழ்கி இருக்கும், அந்தப் பெட்ரோல்தான் அதன் மோட்டாரைக் குளிர வைக்கிறது. அளவு குறையக் குறைய பம்ப் சூடாகும், தேய்ந்த மோட்டார் அந்தச் சூட்டில் திணறி நின்றுவிடும், ஆறியதும் ஓடும். டேங்கின் அடியில் தங்கிய கசடு பம்ப்பின் வலையை அடைத்திருந்தால் கஷ்டம் இன்னும் கூடும். மேம்பாலத்தில் இழுவை இல்லாததற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், ஏனென்றால் பெட்ரோல் அதிகம் கேட்கும் நேரம் அது.

அடுத்த முறை வண்டி நின்றால் ஓரம் கட்டிவிட்டு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் வரை மட்டும் திருப்பி, பின் சீட்டுப் பக்கம் காது கொடுங்கள். ஓரிரு நொடி 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்க வேண்டும். கேட்கவே இல்லை என்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ், வயரிங். நன்றாகக் கேட்டும், செல்ஃப் சுற்றியும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சூட்டில் செத்து, ஆறியதும் பிழைக்கும் இன்னொரு ஆள், இன்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்கு (வண்டியின் கம்ப்யூட்டர்) சொல்லும் கிராங்க் சென்சார். மெக்கானிக்கிடம் பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் ஃபியூயல் பிரஷர் கேஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாதிரி எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் தெளிக்கும்) வண்டிகளில் மூன்று, மூன்றரை பார் இருக்க வேண்டும், மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள், வண்டி சூடான பிறகும் ஒரு தடவை. கேஜ் இல்லாமல் பம்ப்பை மாற்றச் சொல்பவரிடம் மாற்றாதீர்கள். பம்ப்பைக் கழற்றும்போது பேட்டரி நெகட்டிவ் எடுத்திருக்க வேண்டும், திறந்தவெளியில் செய்ய வேண்டும், பக்கத்தில் யாரும் பீடி சிகரெட் பிடிக்கக் கூடாது. இதில் விளையாட்டே வேண்டாம்.

மைலேஜுக்கு முதலில் டேங்கை ஃபுல் அடித்து, ஓட்டி, திரும்ப ஃபுல் அடித்துக் கணக்குப் போடுங்கள், முள்ளை நம்பாதீர்கள். இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்காக 2007 வண்டி செய்யப்பட்டதில்லை. எத்தனாலில் சக்தி குறைவு, அதனால் கொஞ்சம் இறங்கும், ஆனால் 14-லிருந்து 10-க்கு அது ஒன்றே இறக்காது. பழைய ரப்பர் ஹோஸ்களையும் அது ஊறவைத்துக் கெடுக்கும் என்பதால், ஃபுல் அடித்த பிறகு பெட்ரோல் வாடை வந்தால் ஓட்டாமல் உடனே ஹோஸ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் ஏர் ஃபில்டர், பிளக், டயர் காற்று, ஓட்டி நிறுத்தியதும் ஏதாவது ஒரு சக்கரம் மட்டும் (பிரேக் பிடித்துக்கொண்டு) சூடாக இருக்கிறதா என்பது, இவற்றையும் பாருங்கள்.

பலர் கோட்டைவிடும் ஒன்று தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு. நம் ஊர் வெயிலுக்கு எதற்கு என்று அதைக் கழற்றிப் போட்டுவிடும் பழக்கம் பல ஒர்க்‌ஷாப்களில் உண்டு. அப்படிச் செய்தால் இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வராது, இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து ஈசியூ கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் டெம்பரேச்சர் முள் ஓடும்போது நடுவுக்கு வராமல் கீழேயே கிடந்தால், தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கேளுங்கள்.

அதுவரை டேங்கை கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள். இவ்வளவுக்குப் பிறகும் மெக்கானிக் இன்ஜின்தான் என்றால், நீலப் புகை வருகிறதா, ஆயில் குறைகிறதா என்று பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்ற சோதனை) எடுத்து நான்கு சிலிண்டரின் எண்களையும் எழுதி வாங்குங்கள். மேனுவல் அளவுக்கு அருகில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசமில்லாமல் இருந்தால் இறக்கும் பேச்சுக்கே இடமில்லை.